பித்தப்பை அறுவைக்குப் பிறகு ஐந்தாம் நாள்: படுத்தால் கூடிய தோள்வலி

## பின்னணி

நோயாளி ஐம்பதுகளில் இருக்கும் ஒரு பெண். இரத்த அழுத்தத்துக்காகப் பல வருடங்களாகத் தினமும் அட்டெனலால் 50 மி.கி. எடுத்துவருபவர். சர்க்கரை நோய், இதய நோய் எதுவும் இல்லை. வயிற்றில் இதற்கு முன் அறுவை நடந்ததில்லை. அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

வலது மேல்வயிற்றில் கடும் வலியோடு முதல் முறை எங்கள் பிரிவுக்கு வந்தார். அல்ட்ராசவுண்டில் பித்தப்பை நிறையச் சின்னச் சின்னக் கற்கள், சுவர் தடித்திருந்தது. பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளம் 6 மி.மீ., அதாவது வீங்கவில்லை. பித்தப்பை அழற்சி என்பதில் சந்தேகம் இல்லை. இப்படி வருபவர்களுக்கு முதல் சில நாட்களுக்குள் அறுவை செய்துவிடுவதே இன்றைய வழக்கம். ஆனால் இவர் வந்தபோது வலி தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்தக் கட்டத்தில் திசுக்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எது எந்தக் குழாய் என்று பிரித்தறிவது கடினம். எனவே ஆன்டிபயாட்டிக் கொடுத்து அடக்கிவிட்டு, ஏழு வாரம் கழித்து அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டது.

அப்போது எடுத்த கல்லீரல் பரிசோதனையில் பிலிருபின் 1.9 மி.கி.; ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இயல்பைவிடச் சற்று அதிகம். பித்தம் போகும் வழி அடைபட்டால் இரத்தத்தில் கூடுபவை இவை இரண்டும். வீட்டுக்குப் போகும்போது பிலிருபின் 1.1க்கு இறங்கிவிட்டது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் குறைந்திருந்தாலும் இயல்பு நிலைக்கு வரவில்லை. அறுவைக்கு முந்தைய பரிசோதனைகளில் இரத்த அணுக்கள், சிறுநீரகச் செயல்பாடு, இ.சி.ஜி. எல்லாம் உண்டு. கல்லீரல் பரிசோதனை மட்டும் மறுபடி எடுக்கப்படவில்லை.

## அறுவை

நான்கு துளை லேப்ராஸ்கோபி, அதாவது சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செலுத்திச் செய்யும் அறுவை. எதிர்பார்த்ததுபோல் பித்தப்பையைச் சுற்றிக் கொழுப்புத் திரை ஒட்டியிருந்தது. அதைப் பிரிக்கவே நேரம் பிடித்தது. அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் வரையறுத்த 'பாதுகாப்பான பார்வை' கிடைத்த பிறகே எதையும் வெட்டினார்கள். பித்தப்பைக்குள் போவது ஒரு குழாயும் ஒரு தமனியும் மட்டுமே, அடிப்பகுதி கல்லீரலிலிருந்து விடுபட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வதுதான் அது. படமும் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது.

பித்தப்பைக் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருந்ததாக அறுவைக் குறிப்பு சொல்கிறது. உள்ளே தங்கும் பக்கத்தில் இரண்டு, வெட்டி எடுக்கும் பக்கத்தில் ஒன்று என டைட்டானியம் கிளிப் போடப்பட்டது. அறுவையின்போதே சாயம் செலுத்திப் பித்தநாளத்தைப் படமெடுக்கும் சோதனை செய்யப்படவில்லை. கடைசியில் கல்லீரலுக்கு அடியில் துடைத்துப் பார்த்தபோது இரத்தமோ பித்தமோ இல்லை. உள்ளே சேர்வதை வெளியே வடிக்கும் குழாய் (டிரெயின்) வைக்கவில்லை.

மறுநாள் காலை எழுந்து நடந்தார், திரவ உணவு எடுத்துக்கொண்டார். வலது தோளில் லேசான வலி. மதியம் டிஸ்சார்ஜ். பாராசிட்டமால் 1 கிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, தேவைப்பட்டால் மட்டும் கூடுதல் வலி மாத்திரையாக டிரமடால், வழக்கமான பிபி மாத்திரை அப்படியே. கையில் கொடுத்த அறிவுரைத் தாளில் இரண்டு வரிகள் பின்னால் முக்கியமாகிவிட்டன: "வயிற்றில் செலுத்திய வாயுவால் தோள்வலி சில நாள் இருக்கலாம், பயப்பட வேண்டாம்" என்பது ஒன்று. "38 டிகிரிக்கு மேல் ஜுரம் வந்தால் தொடர்புகொள்ளவும்" என்பது இன்னொன்று.

## வீட்டில் நடந்தது

இந்தப் பகுதியை மகளிடம் பிறகு கேட்டு எழுதியது. கேஸ் ஷீட்டில் இதில் பாதிகூட இல்லை.

இரண்டாம் நாள் நன்றாகவே இருந்திருக்கிறார். தானே குளித்தார், வீட்டுக்குள் நடந்தார், கொஞ்சம் சாப்பிட்டார். தோள்வலி அடங்கிவந்தது.

மூன்றாம் நாள் மதியத்திலிருந்து வயிறு உப்பசம். சாப்பாட்டைப் பார்த்தாலே வேண்டாம் என்றார். குறைந்திருந்த தோள்வலி திரும்ப வந்தது. மாலையில் ஒரு தடவை வாந்தி. மகள் வார்டுக்குப் போன் செய்தார். எடுத்த செவிலியர் நான்கு கேள்வி கேட்டிருக்கிறார். ஜுரம்? இல்லை. துளை போட்ட இடங்கள் சிவந்திருக்கின்றனவா? இல்லை. கண் மஞ்சளாக இருக்கிறதா? இல்லை. வாந்தி? ஒரு முறை. "வாயு வலியாக இருக்கும், மலச்சிக்கலும் இருக்கலாம், வலி மாத்திரை கொடுங்க, கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க, குறையலைன்னா வாங்க" என்பது பதில். செவிலியர் தானாக எதையும் சொல்லவில்லை. தாளில் இருந்ததைத்தான் சொன்னார்.

நான்காம் நாள் பகல் முழுக்க நாற்காலியிலேயே இருந்தார். இரவு படுக்க வைத்தால் வலது தோள் பிய்த்துக்கொண்டு போவதுபோல் வலிக்கிறது என்று எழுந்துவிட்டார். மேசை மேல் இரண்டு தலையணையை அடுக்கி, அதில் முன்பக்கமாகச் சாய்ந்தபடி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் வெப்பமானி இருந்தது. மூன்று தடவை பார்த்தும் 37.5ஐத் தாண்டவில்லை. அந்த எண்தான் இன்னொரு நாளைக் காத்திருக்க வைத்தது.

ஐந்தாம் நாள் காலை மகள் அழைத்து வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "ஜுரம் எல்லாம் இல்ல டாக்டர். ஆனா முந்தாநாள் வாசல் வரைக்கும் நடந்தாங்க, நேத்து பாத்ரூம் வரைக்கும், இன்னைக்கு எழுந்திருக்கவே மாட்டேங்கிறாங்க."

அன்று கையில் கிடைத்த தகவல்களில் எனக்கு மிகவும் உதவியது இந்த வாக்கியம்தான்.

## அவசரப் பிரிவில் கண்டவை

உடல் வெப்பம் 37.4. நாடித்துடிப்பு 88. இரத்த அழுத்தம் 108/70. மூச்சு நிமிடத்துக்கு 24. காற்றில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதம். வயிறு சற்று உப்பியிருந்தது. வலப்பக்கம் தொட்டால் வலி, ஆனால் பலகைபோல் இறுகவில்லை. வலது நுரையீரலின் அடிப்பகுதியில் மூச்சொலி குறைவு. கண்ணில் மஞ்சள் என்று துணிந்து சொல்லும்படி இல்லை.

இந்த எண்களை மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய ஆபத்து தெரியாது. முதலில் பார்த்த டூட்டி டாக்டரும் 'நிலை சீராக உள்ளது' என்றுதான் எழுதியிருந்தார். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு மாத்திரை நின்றது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாராசிட்டமால் எடுக்கிறவருக்கு ஜுரம் ஏறாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அட்டெனலால் எடுப்பவரின் இதயம் வேகமாகத் துடிக்க முயன்றாலும் மருந்து விடாது. அவருக்கு 88 என்பது மற்றவருக்கு 110க்கு மேல் இருப்பதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். முந்தைய பதிவுகளைப் புரட்டினால் அவருடைய வழக்கமான நாடி 60ஐ ஒட்டியது. வழக்கமான இரத்த அழுத்தம் 140. அப்படியானால் 108 என்பது நல்ல எண் அல்ல.

இந்த இரண்டு மருந்தாலும் மறைக்க முடியாதது மூச்சு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 24. அதை யாரோ முழு நிமிடம் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். பல சார்ட்களில் பழக்க தோஷத்தால் 18 என்றோ 20 என்றோ எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் 15,800. அழற்சியைக் காட்டும் புரதமான சி.ஆர்.பி. 212. அறுவைக்குப் பிறகு சி.ஆர்.பி. எல்லோருக்கும் ஏறும்தான்; ஆனால் இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்க வேண்டும். ஐந்தாம் நாள் இந்த அளவு என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. பிலிருபின் 2.1; ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் உயர்வு. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் 0.8லிருந்து 1.4க்குப் போயிருந்தது. கணைய அழற்சியில் கூடும் அமைலேஸ் இயல்பு.

## தோள்வலியைப் பற்றி

லேப்ராஸ்கோபிக்குப் பின் தோள்வலி வருவது உண்மைதான். வயிற்றை விரிக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் உணர்வைச் சுமக்கும் நரம்பு கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் மட்டங்களிலிருந்து வருவது; தோள்மேல் தோலின் உணர்வும் அதே பகுதிக்குத்தான் போய்ச் சேர்கிறது. மூளை இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் உறுத்தல் கீழே, வலி மேலே.

வாயுவால் வரும் வலிக்கு ஒரு போக்கு உண்டு. முதல் ஓரிரு நாளில் அதிகம், பிறகு வாயு உறிஞ்சப்படக் குறையும். உட்கார்ந்தால் வாயு மேலேறி உதரவிதானத்துக்கு அடியில் சேர்வதால் வலிக்கும். படுத்தால் பெரும்பாலும் இதமாக இருக்கும். திரவத்துக்கு இது தலைகீழ். உட்கார்ந்திருக்கும்போது கீழே தேங்கிக் கிடப்பது, படுத்ததும் மேல்நோக்கிப் பரவி உதரவிதானத்தைத் தொடும். இரத்தமோ பித்தமோ சீழோ, எதுவானாலும் அப்படித்தான். எல்லோரிடமும் இது பாடப்புத்தகம்போல் அமையாது. ஆனால் இந்தப் பெண்ணிடம் அமைந்தது: குறைந்துவந்த வலி மூன்றாம் நாள் திரும்பியது, படுத்தால் கூடியது. வாயு வலி அப்படி நடந்துகொள்வதில்லை.

## என்னவாக இருக்கலாம்

முதல் சந்தேகம் பித்தக் கசிவு. ஆனால் மூச்சு வேகமும் ஆக்சிஜன் குறைவும் இருக்கும்போது நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டு அடைத்திருக்கிறதா என்பதைக் கேட்காமல் நகர முடியாது. மாரடைப்பு, நிமோனியா, அறுவையின்போது குடலில் பட்ட காயம், உள் இரத்தக்கசிவு ஆகியவையும் பட்டியலில் இருந்தன.

இ.சி.ஜி., மாரடைப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான டிரோபோனின் இரண்டும் இயல்பு. ஹீமோகுளோபின் குறையவில்லை. இரத்தக்கட்டு இருந்தால் உயரும் டி-டைமர் பரிசோதனையைக் கேட்கலாமா என்று ஒருவர் கேட்டார். அறுவை முடிந்த வாரத்தில் அது எப்படியும் உயர்ந்துதான் இருக்கும், பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டோம். படுக்கையருகே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்ததில் கல்லீரலுக்கு அடியிலும் வலது சிறுநீரகத்துக்கு முன்னாலும் திரவம் தெரிந்தது.

கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்துவிட்டு, பிப்பராசிலின்-டாசோபேக்டம் என்ற ஆன்டிபயாட்டிக் உடனே தொடங்கப்பட்டது. ஸ்கேன் முடிவுக்காக மருந்தைத் தாமதிக்கவில்லை. ஐ.வி. திரவம் ஏற்றியதும் இரத்த அழுத்தம் 120ஐ எட்டியது, சிறுநீரும் வந்தது. அன்றைய அட்டெனலாலை நிறுத்தி வைத்தோம். அது சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து; கிரியாட்டினின் ஏறியிருக்கும்போது உடலில் தேங்கும். அதேசமயம் பல வருடம் எடுத்த மருந்தைச் சட்டென்று முழுக்க விடுவதும் நல்லதல்ல. மறுநாள் பாதி அளவில் மீண்டும் கொடுத்தோம்.

கிரியாட்டினின் 1.4 இருக்கும்போது சாயம் கொடுத்து சி.டி. எடுக்கலாமா என்று சிறு விவாதம் நடந்தது. குடல் காயத்தையும் இரத்தக்கட்டையும் விலக்காமல் விடுவது அதைவிட ஆபத்து என்பதால் திரவம் ஏற்றியபின் எடுத்தோம். கல்லீரலுக்கு அடியில் சுமார் 11 செ.மீ. அகலத்தில் திரவத் தேக்கம், உதரவிதானத்துக்கு அடியிலும் ஒரு படலம், இடுப்புக்குழியில் கொஞ்சம். குடலுக்கு வெளியே காற்று இல்லை. வலது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கியிருந்தது, ஆனால் தமனிகளில் கட்டு இல்லை. கிளிப்கள் தம் இடத்தில் இருப்பதுபோலவே தெரிந்தன.

## முதல் முடிவு: வடிப்பது

மூன்று வழிகள் முன்னால் இருந்தன: மறுபடி வயிற்றைத் திறப்பது, ஈ.ஆர்.சி.பி. செய்து, அதாவது வாய்வழியே எண்டோஸ்கோப்பைக் குடல்வரை செலுத்திப் பித்தநாளத்துக்குள் போய்க் கசிவை நிறுத்துவது, வெளியிலிருந்து குழாய் போட்டுத் தேங்கியதை வடிப்பது.

மறு அறுவையை இப்போதைக்கு வேண்டாம் என்றோம். ஐந்தாம் நாள் திசுக்கள் ஈரத்தாள்போல் இருக்கும். கசியும் இடத்தைத் தேடப்போய்ப் பொதுப் பித்தநாளத்தையே கிழித்துவிடலாம். வயிறு முழுக்க இறுகியிருந்தாலோ, திரவம் ஏற்றியும் இரத்த அழுத்தம் எழாவிட்டாலோ முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும். ஈ.ஆர்.சி.பி. தேவைப்படலாம் என்று தெரியும். ஆனால் அது புதிய கசிவை நிறுத்துமே தவிர, ஏற்கெனவே தேங்கிக் கெட்டுப்போனதை எடுக்காது. மேலும், ஆக்சிஜன் 94ல் இருப்பவரை மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்க வைப்பதற்கு முன் கொஞ்சம் தேற்றிக்கொள்வது நல்லது.

அன்று மாலை அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலில், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, 12 பிரெஞ்ச் (4 மி.மீ. தடிமன்) அளவில், நுனி சுருண்ட பிக்டெயில் குழாய் செலுத்தப்பட்டது. பையில் இறங்கியது பச்சை கலந்த பழுப்பு நிறத் திரவம், முதல் முறையே 480 மி.லி. அதில் பிலிருபின் அளவு இரத்தத்தில் இருந்ததைப்போல் பல மடங்கு. பித்தம்தான் என்பதில் இனி சந்தேகம் இல்லை. கல்ச்சரில் பிறகு ஈ.கோலை வளர்ந்தது, கொடுத்துக்கொண்டிருந்த மருந்துக்கு அது கட்டுப்படும் வகைதான்.

இரவு ரவுண்ட்ஸ் போனபோது அவர் படுத்திருந்தார். தலைப்பக்கம் சற்று உயர்த்தி, வலப்பக்கம் ஒருக்களித்து, நல்ல தூக்கம். எழுப்பவில்லை.

குடும்பத்திடம் அன்றே நேரடியாகப் பேசினோம்: பித்தக் குழாயை மூடிய இடத்தில் கசிவு ஏற்பட்டிருக்கலாம், இது இந்த அறுவைக்குப் பின் அரிதாக, ஆனால் தெரிந்த அளவில் வரும் சிக்கல், வடித்தாகிவிட்டது, கசிவு எங்கிருந்து என்று இன்னும் தெரியாது. மகளுக்குக் கோபம் இருந்தது, நியாயமானதுதான். போனில் சொன்ன பதிலைப் பற்றி அவர் கேட்டதை அப்படியே எழுதி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோம்.

## இரண்டாவது முடிவு: ஈ.ஆர்.சி.பி.

சில கசிவுகள் வடித்துவிட்டாலே தானாக நின்றுவிடும். அதனால் பையில் வரும் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் 24 மணி நேரத்தில் 410 மி.லி., அடுத்த நாள் 380. கல்லீரல் ஒரு நாளில் சுரப்பதே அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரைதான். அதில் பெரும்பங்கு பைக்கு வருகிறது என்றால், கசிவு சின்னதல்ல, அல்லது கீழ்ப்போக்கில் ஏதோ தடை இருக்கிறது.

பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனான எம்.ஆர்.சி.பி. எடுத்ததில் பொதுப் பித்தநாளம் துண்டிக்கப்படவில்லை என்பது தெரிந்தது. எங்களுக்குப் பெரிய பயம் அதுதான். பொது நாளத்தில் காயம் என்றால் சிகிச்சை வேறு, வாழ்க்கையே வேறு. கூடவே, நாளத்தின் கீழ்முனையில் கல் இருப்பதுபோன்ற ஒரு சந்தேகம்.

எட்டாம் நாள் ஈ.ஆர்.சி.பி. செய்யப்பட்டது. சாயம் செலுத்தியதும் பித்தப்பைக் குழாயின் வெட்டுமுனையிலிருந்து அது வெளியே ஒழுகுவது திரையில் தெரிந்தது. ஸ்ட்ராஸ்பெர்க் வகைப்பாட்டில் இது 'ஏ' வகை. உள்ளதில் இதுவே லேசானது. கீழ்முனையில் சுமார் 5 மி.மீ. கல் ஒன்று இருந்தது. நாளத்தின் வாய்த்தசையைச் சற்று வெட்டி, பலூனால் கல்லை இழுத்து எடுத்து, 10 பிரெஞ்ச் அளவில் 7 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்தார்கள்.

ஸ்டென்ட் கசியும் ஓட்டையை அடைப்பதில்லை. குடலுக்குள் போகும் வழியில் இருக்கும் அழுத்தத்தை இறக்கிவிடுகிறது. சுலபமான வழி கிடைத்ததும் பித்தம் அந்தப் பக்கம் போய்விடும், வெட்டுமுனை காய்ந்து மூடிக்கொள்ளும். இந்தப் பெண்ணுக்கு நடந்தது இதன் எதிர்ப்பக்கம் என்று நினைக்கிறோம். கீழே கல் தடுத்தது, மேலே அழுத்தம் கூடியது, அகலமான குழாயில் அரைகுறையாகப் பிடித்திருந்த கிளிப் வழியே பித்தம் கசியத் தொடங்கியது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை எதுவும் நடந்திருக்காது.

ஈ.ஆர்.சி.பி.க்குப் பின் கணைய அழற்சி வரும் வாய்ப்பைக் குறைக்க மலவாய் வழியே டைக்ளோஃபெனாக் 100 மி.கி. கொடுப்பது வழக்கம். கிரியாட்டினின் அதற்குள் 0.9க்கு வந்துவிட்டதால் கொடுத்தோம், 1.4ல் இருந்திருந்தால் தயங்கியிருப்போம். மறுநாள் மேல்வயிற்றில் வலி இருந்தது, அமைலேஸ் இயல்பைப்போல் இரண்டு மடங்கு. கணைய அழற்சி என்று சொல்லும் அளவுக்குப் போகாமல் ஒரு நாளில் அடங்கிவிட்டது. இரத்தக்கட்டு வராமலிருக்கப் போட்டுவந்த எனாக்ஸாபரின் ஊசியைத் தசையை வெட்டுவதற்கு முந்தைய மாலை மட்டும் நிறுத்தி, பிறகு தொடர்ந்தோம்.

## தேறிய விதம்

டிரெயினில் வந்தது 120 மி.லி., பிறகு 40, பிறகு 10, பிறகு பித்தமே இல்லை. பன்னிரண்டாம் நாள் ஸ்கேனில் தேக்கம் எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துக் குழாயை எடுத்தோம். மறுநாள் வீட்டுக்குப் போனார்.

ஆன்டிபயாட்டிக்கை எத்தனை நாள் கொடுப்பது என்பதில் வார்டில் இரண்டு கருத்து இருந்தது. பதினான்கு நாள் முழுக்கப் போட வேண்டும் என்பது பழைய பழக்கம். தொற்றின் மூலத்தை வடித்துவிட்டால் நான்கு நாள் அளவிலேயே போதும், நீட்டிப்பதால் கூடுதல் பயன் இல்லை என்று 2015இல் வெளியான ஸ்டாப்-இட் ஆய்வு காட்டியது. ஜுரம் இல்லை, வெள்ளணுக்கள் இறங்குகின்றன, சாப்பிடுகிறார். கசிவு இன்னும் முழுவதும் அடங்காததால் ஒரு நாள் கூடுதலாக வைத்து, வடித்ததிலிருந்து ஐந்தாம் நாளோடு நிறுத்தினோம். மறுபடி தொற்று வரவில்லை.

எண்கள் சரியான பிறகும் ஆள் தேற ரொம்ப நாள் ஆனது. இதை டிஸ்சார்ஜ் சம்மரியில் யாரும் எழுதுவதில்லை. எடை ஐந்து கிலோ குறைந்திருந்தது. நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. ஒழுங்காகச் செரித்தாலும் பயத்தால் குறைவாகவே சாப்பிட்டார். உணவு ஆலோசகர் சிறு சிறு வேளைகளாகப் பிரித்து, புரதம் கூட்டிக் கொடுக்கச் சொன்னார். சுருங்கிய நுரையீரல் விரிய மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருந்தோம். வலி போய்விட்ட பிறகும் இரண்டு வாரம் மல்லாந்து படுக்க மறுத்தார். வலிக்கிறதா என்றால் இல்லை, வந்துவிடுமோ என்றுதான் என்பார். வேலைக்குத் திரும்பியது இரண்டு மாதம் கழித்து.

வீட்டுக்கு அனுப்பும்போது இன்னொரு ஆபத்தும் இருந்தது: ஸ்டென்டை மறந்துவிடுவது. நன்றாக இருக்கும் நோயாளிகள் திரும்பி வருவதில்லை. பிளாஸ்டிக் ஸ்டென்டை மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அடைத்துக்கொண்டு பித்தநாளத்தில் சீழ் வைக்கும். எடுக்க வேண்டிய தேதியைத் தாளின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் எழுதி, மகளிடமும் சொல்லி, எண்டோஸ்கோபிப் பதிவேட்டிலும் ஏற்றினோம். ஆறாவது வாரம் வந்தார். எடுக்கும்போது சாயம் செலுத்திப் பார்த்ததில் கசிவு இல்லை, கல் இல்லை. ஆறு மாதத்தில் கல்லீரல் பரிசோதனைகள் எல்லாம் இயல்பு.

## ஆய்வுக் கூட்டத்தில் பேசியவை

அகலமான குழாயில் கிளிப் குறுக்கே முழுதாகப் பிடித்ததா என்பதில் நிறைய நேரம் போனது. வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். முதல் கிளிப்பின் நுனி குழாயின் மறுபக்கத்தைத் தாண்டித் தெரிகிறது. இரண்டாவதில் அது தெளிவாக இல்லை. இத்தகைய குழாய்க்குப் பூட்டிக்கொள்ளும் பாலிமர் கிளிப்போ, நூல் சுருக்கோ நல்லது என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. இரண்டும் அறையிலேயே இருந்தன.

அறுவைக்கு முன் கல்லீரல் பரிசோதனையை மறுபடி எடுத்திருந்தால் கல் அகப்பட்டிருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் அப்போதும் உயர்ந்திருந்தால் எம்.ஆர்.சி.பி. கேட்டிருப்பார்கள் என்பது மட்டும் நிச்சயம். காத்திருந்த ஏழு வாரத்தில் பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் கல் நழுவி இறங்கியிருக்கலாம் என்பதால், பழைய அல்ட்ராசவுண்டில் நாளம் வீங்கவில்லை என்பதை வைத்துத் திருப்தி அடைய முடியாது.

ஆனால் என் பார்வையில் கசிவு ஏற்பட்டதைவிட, அது தெரியவந்த வேகம்தான் இந்த நிகழ்வின் மையம். கசிவு எந்தக் கையிலும் நடக்கலாம். மூன்றாம் நாள் மாலையே வந்திருந்தால் தேக்கம் சிறியதாக இருந்திருக்கும், தொற்றும் ஏறியிருக்காது. அன்று போனில் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் நிலைமை முற்றிய பிறகு தெரியும் அடையாளங்களைப் பற்றியவை. பித்தம் தொற்றில்லாமல் வயிற்றில் பரவும்போது அப்படி எதுவும் உடனே தெரியாது. மந்தமான வலி, உப்பசம், சாப்பிடப் பிடிக்காமை, அவ்வளவுதான். நேற்று முடிந்தது இன்று முடிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்றும் கேட்கவில்லை.

## மாற்றியவை

அறிவுரைத் தாளில் வாயு வலி பற்றிய வரி திருத்தப்பட்டது. தோள்வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்தது திரும்பினாலோ, படுத்தால் கூடினாலோ, ஜுரம் இல்லாவிட்டாலும் அன்றே வர வேண்டும் என்று இப்போது இருக்கிறது. தொடர்ந்து பாராசிட்டமால் எடுப்பவர்களுக்கு ஜுரம் தெரியாமல் போகலாம் என்பதும் அதே இடத்தில்.

வார்டு போனுக்கு அருகில் ஒட்டியுள்ள கேள்வித்தாளில் முதல் கேள்வி இப்போது "நேற்றைவிட இன்று எப்படி நடக்கிறார், சாப்பிடுகிறார்?" என்பது. இரண்டாவது, மட்டமாகப் படுக்க முடிகிறதா. மூன்றாவது, பிபி மாத்திரை உள்பட எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி கூடுவதாகச் சொன்னால் போனிலேயே முடிக்காமல் வரச்சொல்லி, சி.ஆர்.பி. உள்பட இரத்தம் எடுப்பது என்று தீர்மானம். இதனால் தேவையில்லாமல் சிலர் அலைய நேர்கிறது என்று வார்டில் முணுமுணுப்பு உண்டு. அது உண்மையும்கூட. இப்போதைக்கு அப்படியே வைத்திருக்கிறோம்.

அழற்சிக்குப் பின் இடைவெளி விட்டு அறுவைக்கு வருபவர்களுக்கு அந்த வாரத்திலேயே கல்லீரல் பரிசோதனை கட்டாயம். அகலமான குழாய்க்கு எந்த வகை மூடல் என்பது அறுவைக் குறிப்பில் தனி வரியாக எழுதப்பட வேண்டும்.

எல்லாப் பித்தப்பை அறுவையிலும் டிரெயின் வைத்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. அதை ஏற்கவில்லை. சிக்கலில்லாத அறுவைகளில் வழக்கமாக டிரெயின் வைப்பதால் பயன் இல்லை என்பது பலமுறை ஆராயப்பட்டது. வலியும் தங்கும் நாளும்தான் கூடும். இந்தப் பெண்ணுக்கு வைத்திருந்தாலும் மறுநாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது எடுத்திருப்பார்கள். கசிவின் முதல் அறிகுறி தெரிந்தது அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான்.